'ஃபிட்' என்று எழுதி மூடிய பக்கம்

எனக்கு டிபி இருந்ததே இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இன்றைக்கும் என்னைக் கண்டால் தோள் துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். டாக்டர் கொடுத்த 'எல்லாம் சரியாகிவிட்டது' என்ற சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் திரிகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மைசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் நான் கிரேன் ஓட்டினேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். முப்பத்திரண்டு படி இரும்பு ஏணி ஏறிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். கீழே என் கூட்டாளி நஞ்சுண்டன் நின்று கையால் சைகை காட்டுவான். ஒரு விரலை மேலே சுழற்றினால் தூக்கு. அந்த விரலுக்கு மேல் இன்னொரு கையைக் குடைபோல் பிடித்தால் மெதுவாகத் தூக்கு. கையை நீட்டி உள்ளங்கையைக் கீழே காட்டினால் நிறுத்து. அந்தச் சத்தத்தில் வேறு பேச்சு எடுபடாது. கொள்ளேகாலம் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வந்து கூலியாகச் சேர்ந்து பதினொரு வருஷம் கீழே சங்கிலி மாட்டினேன். அதற்குப் பிறகுதான் என்னை மேலே ஏற்றினார்கள். அந்தக் கூண்டு என் சம்பாத்தியம்.

ஒரு நாள் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. கண் இருட்டியது. கொக்கியில் நாலு டன் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ இறக்கி வைத்துவிட்டேன். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகிற வியாதி என்றார்கள். வரும், தானே போகும், மறுபடி வரும். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றும் மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது. நெஞ்சு நடுங்குகிறவனைத் தலைக்கு மேல் கிரேனில் எவன் உட்கார வைப்பான்? இறக்கிவிட்டார்கள். ஸ்டோரில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுக்கும் வேலை. "கிளவுஸ் ஆபீசர் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

அப்போதுதான் பெங்களூரில் வெளிநாடு போய்ப் படித்து வந்த ஒரு இதய டாக்டர் புது சிகிச்சை செய்கிறார் என்று கேள்விப்பட்டு நானே போய் நின்றேன். யாரும் தள்ளவில்லை. அவர் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலிலிருந்து சுத்த ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்கள் நாலு. அந்தக் குழாய்களின் வாய்ப்பக்கத்திலிருந்து கிளம்பும் தவறான மின்சாரம்தான் இதயத்தை நடுங்க வைக்கிறது. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக ஒயர் விட்டு, இதயத்துக்குள் போய், அந்த இடத்தில் சூடு வைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை.

"ஆபத்து இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ரோடு தாண்டுறதுலகூட ரிஸ்க் இருக்கு, பழனிசாமி."

அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மணி நேரம் ஆனது. நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு தடவைகூட வரவில்லை. அந்த மட்டில் அவர் கெட்டிக்காரர்தான். அவர் கொடுத்த கடிதத்தைத் தொழிற்சாலை மருத்துவ அதிகாரியிடம் நீட்டினேன். எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வியாதி குணமானால் அந்த ஆளின் மருத்துவ அட்டைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் 'ஃபிட்' என்று எழுதி, பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவார்கள். அடுத்த வியாதிக்கு அடுத்த பக்கம். மூடிய பக்கத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த ஸ்டேப்ளர் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் கிரேன் ஏறினேன்.

மூன்றாம் மாதம் இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல். ஏணியில் இருபதாம் படி வரும்போது மூச்சு வாங்கியது. பெங்களூரில் செக்கப்புக்குப் போனபோது சொன்னேன். ஈசிஜி பார்த்தார், எக்கோ பார்த்தார். "இதயம் அருமையா இருக்கு. இருமலுக்கு உங்க ஊர்லயே யாரையாவது பாருங்க. பீடி பிடிப்பீங்களா?" என்றார். நான் ஜென்மத்தில் பீடி தொட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் தசரா என்றால் ஊரெல்லாம் விளக்கு. எங்களுக்கு அதைவிட ஆயுத பூஜைதான் பெரிது. மிஷினையெல்லாம் துடைத்துப் பூ வைப்போம். கிரேன் ஓட்டுகிறவன் குங்குமத் தட்டோடு மேலே போய்க் கூண்டுக்குப் பொட்டு வைக்க வேண்டும், பிறகுதான் கீழே பூசணிக்காய் உடைப்பார்கள். நான் தட்டோடு ஏறினேன். பதினெட்டாம் படியில் நின்றுவிட்டேன். மூச்சு மேலே போகவில்லை. இருமினேன். வாயைத் துடைத்த சட்டைக் கை சிவப்பானது.

கீழேயிருந்து நஞ்சுண்டன் கத்தினான். அவன் கன்னடக்காரன். எங்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவான். "ஏய் பழனி, குங்குமம் எல்லாம் சட்டைக்கே பூசிட்டியா? கிரேனுக்குக் கொஞ்சம் மிச்சம் வையி மாராயா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மீதிப் பதினாலு படியை எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. பொட்டு வைத்துவிட்டு இறங்கினேன். ரத்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சட்டையைத் துவைக்கும்போது என் பெண்டாட்டி சரசு கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, குங்குமம் இப்படிக் கெட்டியா ஒட்டுமா?"

மருத்துவ அதிகாரி என் அட்டையில் புதுப் பக்கம் திறந்தார். இருமல், ரத்தம். எக்ஸ்ரேயில் இடப்பக்க நுரையீரலில் வெள்ளைத் திட்டு. பழைய பக்கத்தை அவர் தொடவே இல்லை. நானும் பிரிக்கச் சொல்லவில்லை. டிபி சந்தேகம் என்று எழுதி நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்களைத் திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது யோக்கியம் இல்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கன்னடத்தில் கேட்டார். ஹார்ட், ஷுகர், பிபி ஏதாவது உண்டா? முன்னால் ஏதாவது சிகிச்சை செய்திருக்கிறீர்களா?

"ஏனூ இல்ல சார்" என்றேன். ஒன்றுமில்லை என்று.

சரசு என்னைப் பார்த்தாள். அவள் மடியில் இருந்த துணிப்பையில் பெங்களூர் ஃபைல் இருந்தது. நான் அவள் காலை மிதித்தேன்.

டிபி என்றால் ஆறு மாதம் மாத்திரை, பிறகு குணம், பிறகு கிரேன். ஹார்ட் என்று ஒரு எழுத்து அந்தச் சீட்டில் ஏறினால் அது தொழிற்சாலைக்குப் போகும், மூடிய பக்கம் திறக்கும், நான் கையுறை ஜன்னலுக்குப் போவேன். அதற்கு டிபியே மேல் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சரசு, "பொய் சொல்லி வாங்குற மருந்து வேலை செய்யுமுங்களா?" என்றாள். "வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டாள்.

ஐந்து வாரம் அந்த வார்டில் கிடந்தேன். சளியை மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் கிருமி இல்லை. "சில சமயம் அகப்படாது" என்று சொல்லி மருந்தைத் தொடர்ந்தார்கள். காலையில் கைநிறைய மாத்திரை, மத்தியானம் இடுப்பில் ஊசி. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. மூச்சு மட்டும் திரும்பவில்லை. முதல் வாரம் கழிவறை வரை நடந்தேன். நாலாம் வாரம் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்றது. டாக்டர்கள் வருவார்கள், கட்டில் நம்பரைச் சொல்வார்கள், போவார்கள். என் பெயர் அந்த ஐந்து வாரத்தில் யார் வாயிலும் வரவில்லை.

ராமாபுரத்திலிருந்து என் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றார். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தைத் தரையில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினார். "எங்க வீட்டுல குழந்தைங்க இருக்கு பாரு, தம்பி" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, பொய் என்னுடையது. ஆனாலும் அந்தப் பழத்தை நான் தின்னவில்லை. சரசு எழுந்து வந்தாள். நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பி டம்ளரை எடுத்தாள். அவர் பார்க்கப் பார்க்க மிச்சத்தைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

சொந்தக்காரன் இல்லை என்று நஞ்சுண்டனை வார்டுக்குள் விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஜன்னலைப் பார்த்து விரலைச் சுழற்றினான். அதற்கு மேல் மற்றக் கையைக் குடை பிடித்தான். மெதுவாகத் தூக்கு. நான் உள்ளங்கையைக் கீழே காட்டினேன். நிறுத்து. அவன் முகம் விழுந்துவிட்டது.

ஆறாவது வாரம் புதிதாக ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்தாள். படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்த சின்னப் பெண். கொள்ளேகாலத்துக்காரி, எங்கள் தமிழ் அவளுக்குப் புரியும். ஒரு மத்தியானம் என் சீட்டைப் புரட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த வார்டில் கட்டிலில் உட்கார்ந்த முதல் டாக்டர் அவள்தான்.

"காய்ச்சலே இல்லையே. எடையும் அவ்வளவா குறையல. சளியும் கிளீன். மருந்து சாப்பிட்டும் மூச்சு மோசமாகுது. அண்ணா, இதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணுமே இருந்ததில்லையா?"

"இல்லைங்க" என்றேன்.

சரசு எழுந்து நின்றாள். "பொய் சொல்றாருங்க. இவருக்கு நெஞ்சுக்குள்ள சூடு வெச்சாங்க."

"சரசு."

"நீங்க சும்மா இருங்க. செத்துப்போயிக் கிரேன் ஓட்டுவீங்களா?" துணிப்பையிலிருந்து ஃபைலை எடுத்துக் கட்டிலில் போட்டாள். ஐந்து வாரமாக அதைத் தினமும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பிறகு இடது முழங்கையை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். சிறு வயதில் மஞ்சள் காமாலைக்கு அவளுக்கு ஊரில் சூடு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் மாட்டுக்கும் வைப்பார்கள், மனுஷனுக்கும் வைப்பார்கள். காய்ச்சின கம்பியால் இழுத்த தழும்பு. சுற்றியிருக்கும் தோலெல்லாம் சுருக்குப்பை வாய்போல அதை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும்.

"சாமி, நான் படிக்காதவ. சூடு வெச்ச எடம் ஆறுனா இப்படித்தான் சுருங்கி இழுக்குமுங்க. உள்ள கொழாயில வெச்சா மட்டும் சுருங்காதுங்களா? இவருக்கு அதுக்கப்பறந்தானுங்க எல்லாமே."

அந்தப் பெண் தழும்பைப் பார்த்தாள். ஃபைலைத் திறந்து படித்தாள். மறுபடி தழும்பைப் பார்த்தாள். "எந்தக் குழாய்ல வெச்சாங்க தெரியுமா?" என்று கேட்டாள். அதற்குள் அவளே அந்த வரிக்கு வந்துவிட்டாள். இடப்பக்க நுரையீரல் குழாய்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. எக்ஸ்ரேயிலும் இடப்பக்கம்தான் திட்டு.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம். "மாட்டுக்குச் சூடு போடுற பொம்பளை டயக்னோஸிஸ் சொல்றாளா?" என்றாராம். அவள் விடவில்லை. கல்லூரி நூலகத்தில் போய்த் தேடினாள். இரண்டு நாள் கழித்து ஒரு ஜெராக்ஸோடு வந்தாள். வெளிநாட்டில் இதேபோல் ஒரு சிலருக்கு ஆகியிருக்கிறது என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. "இப்பதான் எழுதவே ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு? அக்காகிட்ட கேளுங்க" என்றாள்.

ஜெராக்ஸைப் படித்த பிறகு பெரிய டாக்டர் டிபி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பெங்களூருக்கு அனுப்பினார். ரயிலில் பெங்களூர் போய்ச் சேரும்வரை சரசுவின் தோளில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே மூச்சு விட்டேன். படுக்க முடியவில்லை.

அங்கே ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி மருந்து போட்டு, ரத்தம் நுரையீரலில் எங்கெங்கே போகிறது என்று படம் பிடிக்கிற ஸ்கேன். வலப்பக்கம் முழுக்க ரத்தம் போவதைக் காட்டும் புள்ளி. இடப்பக்கம் கிட்டத்தட்ட வெறும் கறுப்பு. நாலு குழாயில் இடப்பக்கத்து மேல்குழாய் முழுக்க அடைந்துவிட்டது. கீழ்க்குழாய் பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வீட்டில் சாக்கடைக் குழாய் அடைத்தால் தண்ணீர் முற்றத்தில் நிற்கும். அதுபோல வெளியே போக வழியில்லாமல் ரத்தம் நுரையீரலில் தேங்கி, கசிந்து, இருமலில் வந்திருக்கிறது.

எனக்குச் சூடு வைத்த அதே டாக்டர் எதிரே உட்கார்ந்து விளக்கினார். "சூடு வெச்ச இடம் ஆறும்போது தழும்பு உண்டாகும். தழும்பு சுருங்கும். அதனால குழாய் குறுகிடுச்சு."

"இதை நான் மைசூர்லயே சொல்லிட்டனுங்க" என்றாள் சரசு.

அவர் கேட்காததுபோல் இருந்தார். "உலகத்துக்கே இது இப்பதாம்மா தெரிய வருது."

"என் நெஞ்சுல வெச்சுத்தானுங்களா உலகம் தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டேன். "நாலு மாசம் முந்தி இருமுதுன்னு உங்ககிட்டதானே சொன்னேன். பீடி பிடிப்பியான்னு கேட்டீங்களே. அன்னைக்கே இந்த ஸ்கேன் எடுத்திருந்தா மேல்குழாய் பிழைச்சிருக்குமா?"

ஸ்கேன் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "பிழைச்சிருக்கலாம்" என்றார். அவர் சொன்ன ஒரே நேர்மையான வார்த்தை அது. அதனாலேயே அவரை இன்னும் முழுக்க வெறுக்க முடியவில்லை.

தொழிற்சாலை செலவைத் தர முதலில் மறுத்தது. இதயக் கேஸ் மூடிவிட்டதாம், டிபி கேஸுக்குப் பெங்களூர் தேவையில்லையாம். நஞ்சுண்டன் யூனியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நின்ற பிறகுதான் கையெழுத்தானது.

மறுபடி அதே தொடை இடுக்கு, அதே வழி. இந்தத் தடவை ஒயரின் முனையில் சின்ன பலூன். குறுகின இடத்தில் அதை வைத்து ஊதி விரிப்பார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்து உள்ளே போனபோது நெஞ்செல்லாம் சூடு பரவியது. ஊதினபோது உள்ளேயிருந்து யாரோ விலா எலும்பை நெம்புவதுபோல வலித்தது, இருமல் வந்தது. "அசையாதீங்க" என்றார்கள். கீழ்க்குழாய் விரிந்தது. மேல்குழாய்க்குள் ஒயரே நுழையவில்லை. ஒன்றரை மணி நேரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார்கள். அது போனது போனதுதான்.

அன்று சாயங்காலம் தலையணையில்லாமல் படுத்தேன். களகளப்பு இல்லை. சரசு என் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாவது அப்படி இருந்திருப்பாள்.

மூன்றாம் மாதம் மறுபடி சுருங்கியது. விரித்தது சுருங்குவது சகஜம் என்றார்கள், இதையும் பிறகுதான் சொன்னார்கள். திரும்பவும் பலூன். இம்முறை சுருங்காமல் தாங்கிப் பிடிக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வலைக்குழாயை உள்ளேயே வைத்துவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. இதுவும் அடைக்கலாம், அடைக்காமலும் இருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். என் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் காட்ட அனுமதி கேட்டார். "காட்டுங்க. ரோடு தாண்டுறதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றேன்.

கடிதத்தைப் பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். கடைசி வரியில் மறுபடியும் அதே சொல். வேலைக்கு ஃபிட்.

அந்தக் கடிதத்தோடு மருத்துவ அதிகாரியின் முன்னால் நின்றேன். அவர் நல்ல மனுஷன்தான். படித்துவிட்டுச் சிரித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். ஸ்டேப்ளர் மேஜையில் தயாராக இருந்தது. அவர் எழுதினால் நாளைக் காலையில் நான் கிரேனில் இருப்பேன். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

"எப்படி இருக்கு உசிரு?" என்றார். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு.

வெளியே சரசு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஃபைல் மடியில்.

"இருபதாம் படியில நின்னு மூச்சு வாங்கினாத்தான் மேல ஏற முடியும் சார். ஒரு குழாய் இல்லை. இன்னொண்ணு எப்ப அடைக்கும்னு அவங்களுக்கே தெரியாது. கீழே ஆளுங்க நிக்கிறாங்க."

பேனா நின்றது. "பழனி, லெட்டர்ல ஃபிட்டுன்னு இருக்கே."

"போன லெட்டர்லயும் இருந்துது. அந்தப் பழைய பக்கத்தைப் பிரிங்க சார்."

"பிரிச்சா நான் கிரேனுக்கு எழுத முடியாது."

"தெரியும் சார்."

பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. அட்டையை வாங்கி நானே பிரித்தேன். கம்பி துருப்பிடித்திருந்தது. நகத்தை விட்டு நெம்பினேன், நகக்கண்ணில் ரத்தம் வந்தது. ரத்தம் உறையாத மாத்திரை தின்கிறவனுக்கு அது சீக்கிரம் நிற்காது. விரலை வாயில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாள் காலை ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் கிரேன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. புது ஆள் திசை மாற்றும்போது அவசரப்படுகிறான், சத்தத்திலேயே தெரிந்தது. முதல் ஆளாக நஞ்சுண்டன் வந்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. விரலைச் சுழற்றி, மேலே கையைக் குடை பிடித்தான்.

நான் இரண்டு ஜோடி கையுறை எடுத்து வைத்தேன்.

"கையெழுத்துப் போடு" என்றேன்.